பெருந்தலைவர் காமராசரும் வணிகக் குடியினராகிய நாமும்

(கல்வி வளர்ச்சி நாளை முன்னிட்டு, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் வாழும் நம் சங்கத்தார் குடும்பத்துடன் கூடிய கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெருந்தலைவர் காமராசரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். அவர் பிறந்த ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், 2006-ஆம் ஆண்டு முதற்கொண்டு தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. நம்மவர் கடைகளில் அவர் படம் மாட்டாத கடை அரிது. காலையிற் கடை திறந்ததும் அப்படத்துக்கு ஒரு முழம் பூச் சார்த்திய பின்னரே கல்லாப்பெட்டியைத் திறப்பாரும் உளர். இவ்வன்பு பாராட்டத் தக்கதே. ஆனால் ஒருவரைப் படமாக்கிச் சுவரில் மாட்டியபின் அவர் செய்ததை மறந்துவிடுதல் மிக எளிது. ஆதலின் அவர் புகழை மாத்திரம் பாடிச் செல்லாது, அவர் வாழ்க்கைக்கும் நம் கடைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதனையும் உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம். கசப்பான சொல் ஏதேனும் வருமாயின், மருந்தெனக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

ஊரும் குடியும்

விருதுபட்டி என்று முன்னாளிற் பெயர் பெற்றதும், பின்னர் விருதுநகர் என வழங்கப்பெறுவதுமாகிய ஊர், வானம் பார்த்த கரிசல் பூமியின் நடுவே எழுந்த வணிக நகரம். ஆறும் ஏரிப் பாசனமும் நம்பி எழுந்த ஊரன்று அது. பருத்தியும், மிளகாய் வற்றலும், எண்ணெயும், தானியமும் மூட்டை மூட்டையாக வந்திறங்கி, எடை போடப்பட்டு, விலை பேசப்பட்டு, நாற்றிசையும் சென்ற காரணத்தால் அவ்வூர் செழித்தது. அங்குள்ள நம்மவர், விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகிமை என்னும் பெயரால் எடுத்து வைத்தனர். அப்பணம் பொதுப் பணம். அதனைக்கொண்டு கிணறு வெட்டினர், சாவடி கட்டினர், கோயில் எழுப்பினர், பள்ளிக்கூடமும் நடத்தினர்.

நம் குலத்தார்க்கு அக்காலத்திற் பல கோயில்களின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. பல ஊர்களிற் பொதுத்தெரு வழி நடத்தலுக்கும் தடை இருந்தது. அந்நிலையில், பிறர் கதவு திறக்கட்டும் என்று காத்திராமல், தாமே பள்ளி கட்டிக்கொண்டமை நம் முன்னோரின் பேரறிவு என்றே சொல்லல் வேண்டும். விருதுநகரிற் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி, மகிமைப் பணத்தாலும், வீடுதோறும் பெண்மக்கள் நாள்தோறும் எடுத்துவைத்த ஒரு பிடி அரிசியாலும் வளர்ந்தது. ஒரு பிடி அரிசி என்பது சிறிது. ஆயினும் ஊர் முழுதும் சேர்ந்தால் அது ஓர் ஆசிரியரின் சம்பளமாகும். இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு வேலை உண்டு.

பிறப்பும் இளமையும்

இத்தகைய ஊரில், 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், குமாரசாமி நாடார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார் காமராசர். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று இடப்பெற்ற பெயர், அன்னை அன்போடு அழைத்த ராஜா என்னும் பெயரோடு சேர்ந்து, காமராஜ் என்றாயிற்று என்பர். தந்தையார் தேங்காய் வணிகர். நாகம்மாள் என்னும் தங்கையார் ஒருவர் உண்டு. ஏனாதிநாயனார் வித்தியாசாலையிலும், பின்பு சத்திரிய வித்தியாசாலையிலும் அவர் பயின்றார்.

அவர்க்கு ஆறாண்டு நிரம்பியபோது தந்தையார் மறைந்தார். வணிகக் குடும்பத்தில் தலைவன் மறைதல் யாது செய்யும் என்பதனை இங்குள்ளோர் அறிவீர். கடன் கொடுத்தவன் உடனே வாயிலில் நிற்பான். கடன் பெற்றவன் தெருவை மாற்றிக்கொள்வான். சிவகாமி அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பொருளை வணிகர் ஒருவரிடம் வட்டிக்கு விட்டு, திங்கள்தோறும் வரும் வட்டியைக்கொண்டு இரு மக்களையும் வளர்த்தார். முதலைத் தொடாது வட்டியில் வாழ்ந்த அவ்வம்மையாரின் கணக்கறிவு, ஏடு எழுதும் எந்த வணிகனின் கணக்கறிவுக்கும் குறைந்ததன்று.

எனினும் படிப்பு நீளவில்லை. ஆறாம் வகுப்பளவில், பன்னிரண்டு வயதை ஒட்டிய பருவத்தில், பள்ளியை விட்டு மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கவனியுங்கள்: அவர் படிப்பை வெறுத்து விடவில்லை. தந்தை இல்லாமையும், குடும்பத்தின் நெருக்கடியும் அவர் கையினின்று ஏட்டைப் பறித்தன. விட்டவன் வேறு, பறிகொடுத்தவன் வேறு. இவ்வேறுபாட்டை இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

கடையினின்று நாட்டுப் பணிக்கு

துணிக்கடையில் அமர்ந்திருந்த இளைஞரின் செவி தெருவில் இருந்தது. செய்தித்தாள்களை ஆர்வத்தோடு படித்தார். டாக்டர் வரதராசுலு நாயுடு முதலியோரின் மேடைப் பேச்சுகளைத் தேடிச் சென்று கேட்டார். 1919-ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த கொடுமை அவர் உள்ளத்தைச் சுட்டது. பதினாறாண்டு இளைஞர் காங்கிரசுத் தொண்டரானார். வீட்டார் கவலையுற்றுத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். இடம் மாறினால் எண்ணம் மாறும் என்பது உறவினர் கணக்கு. ஆனால் அப்பக்கத்திலேதான் 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் எழுந்தது. இளைஞர் அங்கும் சென்றார். கணக்குத் தவறிற்று. ஊர்க்குத் திரும்ப அழைத்தனர், திருமணம் பேசினர், அவர் இசைந்திலர். இறுதி வரை இல்லறம் புகாமலே வாழ்ந்தார்.

1930-ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்துக்கு உப்பெடுக்கச் சென்றார். நம் மாவட்டங்கள் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆதலின் அப்பெரும் பயணம் நம் வாயிலினின்று புறப்பட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவ்வுப்புப் போரில் ஈடுபட்ட காமராசர்க்கு இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, கல்கத்தாவை அடுத்த அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1931-ஆம் ஆண்டு காந்தி இர்வின் உடன்பாட்டால் விடுதலை பெற்றார். 1933-ஆம் ஆண்டு விருதுநகர் வெடிகுண்டு வழக்கிற் பொய்யாகச் சேர்க்கப்பட்டு, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். பின்னரும் சிறை; மீண்டும் சிறை. 1942-ஆம் ஆண்டு பம்பாயில் ஆகஸ்டுத் தீர்மானம் நிறைவேறியபின், காவலர் வலையிற் படாது அரக்கோணத்தில் இறங்கி, பல மாவட்டத் தொண்டரையும் கண்டு செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடித்து, விருதுநகர் சென்று தாமே சிறைப்பட்டார். 1945 வரை அமராவதிச் சிறை. எல்லாம் கூட்டிப் பார்ப்பின் ஏறத்தாழ ஒன்பதாண்டு.

அவ்வொன்பதாண்டும் அவர்க்கு வீணாகவில்லை. உடனிருந்த கற்றோரிடம் ஆங்கிலம் பயின்றார், நூல்களைப் படித்தார், உலக நடப்பைக் கேட்டறிந்தார். பள்ளி அவரை விட்டது. அவர் கல்வியை விடவில்லை.

சொந்த ஊரின் எதிர்ப்பு

அன்பர்களே! இங்கே ஒன்று சொல்லல் வேண்டும். நாம் இன்று அவரை நம்மவர் என்று பெருமிதத்தோடு சொல்லுகின்றோம். ஆனால் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், விருதுநகர் வணிகப் பெருமக்களிற் பலர் நீதிக் கட்சியைச் சார்ந்திருந்தனர். அதற்கு அவர்கள்பால் நியாயமும் உண்டு. உயர்ந்தோர் எனப்பட்டவரின் ஆதிக்கம் நீங்க அக்கட்சியே வழி என்று அவர்கள் எண்ணினர். ஆதலின் கதர் உடுத்துக் கொடி தூக்கிய ஏழை இளைஞர், தம் ஊரில், தம் இனத்தாரிடத்தேதான் பேரெதிர்ப்பைக் கண்டார். வளர்ந்தபின் உரிமை கொண்டாடுதல் எளிது. வளரும்போது தாங்கி நிற்றலே அரிது. நம்மிடையே இன்று வளர்ந்துகொண்டிருக்கும் ஏழைப் பிள்ளை எவன் என்று அறியாமலே நாமும் புறக்கணித்துக்கொண்டிருக்கலாம் என்பதனை நினைவிற் கொள்க.

தீரர் சத்தியமூர்த்தி அவரைத் தாங்கினார். 1936-ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி மாகாணக் காங்கிரசுத் தலைவராகக் காமராசர் செயலாளரானார்; 1940-ஆம் ஆண்டு காமராசர் தலைவராகச் சத்தியமூர்த்தியே செயலாளராக இருந்து உதவினார். மாணவனின் கீழ் ஆசிரியர் பணிபுரிந்த அக்காட்சி, எம்போன்ற ஆசிரியர்க்கு என்றும் இனிக்கும் காட்சி. 1937-ஆம் ஆண்டு சாத்தூர்த் தொகுதியினின்று சட்டசபைக்குச் சென்றார். 1941-ஆம் ஆண்டு சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். வெளிவந்ததும் அப்பதவியைத் துறந்தார். தம் முழு நேரத்தையும் தர இயலாத நாற்காலியில் அமர்தல் தகாது என்பது அவர் கொள்கை. இன்று சங்கங்களில் நாம் ஒரு பதவிக்கு நடத்தும் போட்டியை எண்ணி, இதனை இவ்வளவில் விடுகின்றோம்.

முதலமைச்சர்

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் சென்னை மாகாண முதலமைச்சரானார். அமைச்சரவை எண்மரே கொண்டது. தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அப்போட்டியில் அவர்க்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் அமைச்சராக்கிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட இனத்தினராகிய பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறையை ஒப்படைத்தார். எவர்க்குக் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்ததோ, அவர்க்குக் கோயிற் பொறுப்பே தரப்பட்டது. வாயிலில் நிறுத்தப்பட்ட குலத்திற் பிறந்தவர்க்கே இந்த எண்ணம் தோன்றும் போலும். சட்டசபைக்கு மீண்டும் நிற்கும்போது, நம் குலத்தார் பெருந்தொகையினராக வாழும் தென்பாண்டி நாட்டைத் தேடாமல், வட ஆர்க்காட்டுக் குடியாத்தத்தில் நின்று வென்றார்.

அவர் பதவியேற்றவுடன் செய்த முதற்பணிகளுள் ஒன்று, 1953-ஆம் ஆண்டு கொணரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டமை. அத்திட்டத்தின்படி ஊர்ப்புறப் பிள்ளைகள் ஒருவேளை பள்ளியிற் பயில்வர். மற்றொரு வேளை தந்தையின் தொழிலைக் கற்பர். இடமும் ஆசிரியரும் போதாத குறையை நீக்க, ஒரே கட்டடத்தில் இருமடங்குப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அதனைக் கொணர்ந்தோர் கூறிய நியாயம். ஆனால் குடிமக்கள் அதனை ஏற்கவில்லை. தந்தை செய்த தொழிலிலேயே மகனைத் தளைக்கும் திட்டம் என்று எதிர்த்தனர். காமராசர் 1954-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை நீக்கினார். இதன் பொருளை ஆழ்ந்து நோக்குங்கள். மாமன் கடையிலே துணி மடித்த சிறுவர், நாட்டின் முதலமைச்சராகி, கடைக்கும் பள்ளிக்கும் பிள்ளையின் நாளைப் பங்கிடுதல் ஆகாது என்று தீர்ப்பளித்தார்.

பின்னர் நிகழ்ந்தவை உங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்தவையே; ஆயினும் எம் தொழிலைச் சார்ந்தவை ஆதலின் சற்று விரித்துச் சொல்லுகின்றோம். பள்ளியில்லாத சிற்றூர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகள் சென்றன. வேலையற்றிருந்த படித்த இளைஞர் ஆசிரியராயினர். ஆசிரியர்க்கு 1955-ஆம் ஆண்டு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் ஒருங்கே தரப்பட்டன. 1956-ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதற்கு உறுதுணையாக நின்றார். அரசாங்கக் கருவூலத்தை மட்டும் நம்பி அதனைத் தொடங்கவில்லை. ஊரார் தரும் நெல்லும் அரிசியும் பருப்பும் விறகுமே முதலில் அடுப்பேற்றின. 1958-ஆம் ஆண்டு முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம் தந்தனர், கட்டடம் தந்தனர், பலகையும் பெஞ்சும் கடிகாரமும் தந்தனர். வேற்றுமை தோன்றாதிருக்கச் சீருடை வந்தது. ஒன்பதாண்டுகளிற் பள்ளிகளின் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று.

இப்பொழுது முன்னே வைத்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுதோறும் ஒரு பிடி அரிசி. அதனால் ஒரு பள்ளி. விருதுநகரில் நம் முன்னோர் ஒரு குலத்தின் அளவிற் செய்ததை, அப்பள்ளியிற் படித்த சிறுவர் பெரியவராகி, குலவரம்பு கடந்து நாடு முழுமைக்கும் செய்தார். பகலுணவுக்கு அமர்ந்த பந்தியில் எவரும் எவன் எக்குலம் என்று வினவவில்லை. நம் மகிமைப் பணத்தின் மிகப் பெரிய விளைவு எது என்று எம்மைக் கேட்பின், இதுவே என்போம். கட்டிய கட்டடம் பெரிதன்று. அதனுள் உருவான எண்ணமே பெரிது.

தொழில்துறையிலும் அவர் காலம் சிறந்ததே. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலை, திருச்சிராப்பள்ளிக் கொதிகலத் தொழிற்சாலை, கிண்டித் தொழிற்பேட்டை, வைகை, மணிமுத்தாறு, சாத்தனூர், கிருட்டிணகிரி அணைகள் ஆகியவை அக்காலத்தில் எழுந்தன அல்லது தொடங்கப்பெற்றன. இவற்றின் விரிவை வேறு கூட்டத்துக்கு வைப்போம்.

அரியலூரும் பதவி துறத்தலும்

நம் அரியலூரின் பெயர் இந்திய வரலாற்றில் ஒரு துயரத்தால் ஏறியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், பெருமழையால் மருதையாறு பெருகி, இரயிற்பாலம் சிதைந்தது. சென்னையினின்று தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அதில் வீழ்ந்து, 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே மகபூப்நகரை அடுத்து நிகழ்ந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலக முன்வந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியாரை நேரு தடுத்திருந்தார். அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரியார் மீண்டும் விலகல் மடல் தந்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும் தம் துறையில் நேர்ந்த அழிவுக்குத் தாமே பொறுப்பு என்றார்.

காமராசர் 1963-ஆம் ஆண்டு, ஆட்சியில் மூழ்கியிருக்கும் மூத்த தலைவர்கள் பதவி துறந்து மக்களிடையே கட்சிப் பணிக்குச் செல்லுதல் வேண்டும் என்னும் திட்டத்தை நேருவிடம் வைத்தார். அது காமராசர் திட்டம் என்றே பெயர் பெற்றது. பிறர்க்குச் சொல்லித் தாம் அமர்ந்திருக்கவில்லை. அக்டோபர் 2-ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியை விட்டார். அத்திட்டத்தின்படி பதவி துறந்தோருள் சாஸ்திரியாரும் ஒருவர். 1964-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் நேரு மறைந்தபோது, அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர், பலரோடும் கலந்து, சாஸ்திரியாரே பிரதமராவதற்கு வழி செய்தார். 1966-ஆம் ஆண்டு சாஸ்திரியார் தாசுகண்டில் மறைந்தபின் இந்திரா காந்தியார் பிரதமராவதற்கும் அவரே துணை நின்றார். தாம் அவ்விடத்தை இருமுறையும் விரும்பவில்லை. நம் மருதையாற்றங்கரையில் ஒருவர் பதவி துறந்தார். அத்துறவின் அருமையை அறிந்த மற்றொருவர் அவரை உயர்ந்த இடத்தில் அமர்த்தினார் என்று எண்ணும்போது, அத்துயரத்தினூடும் உள்ளம் நெகிழ்கின்றது.

தோல்வியும் மறைவும்

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக விளங்கிய சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1285 வாக்குகளில் தோற்றார். மொழிப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் அவ்வாண்டு காங்கிரசை வீழ்த்தின. மக்கள் தீர்ப்பை அவர் பழிக்கவில்லை. 1969-ஆம் ஆண்டு நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். 1975-ஆம் ஆண்டு, காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2-ஆம் நாளிலேயே மறைந்தார். வாடகை வீட்டில் வாழ்ந்து, சில வேட்டி சட்டைகளும், சில நூல்களும், நூற்றுச் சில்லறை ரூபாயும் அன்றி வேறொன்றும் வைத்துச் சென்றிலர். 1976-ஆம் ஆண்டு பாரத ரத்தினம் என்னும் விருது அவர் பெயர்க்கு வழங்கப்பெற்றது.

‘காமராசர் படித்தாரா?’

இனி எம் வழக்குக்கு வருகின்றோம். ஆண்டுதோறும் கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும்போது, வருகைப் பதிவேட்டில் சில பெயர்களை அழைத்தால் விடை வருவதில்லை. உடன் பயின்றோரை வினவினால், ‘கடைக்குப் போயிட்டான் ஐயா’ என்பர். சிலன் தந்தையின் கடையில். சிலன் சென்னையிலோ திருப்பூரிலோ உறவினர் மளிகைக் கடையில். தந்தையாரைக் கண்டு பேசினால், அவர் சிரித்துக்கொண்டே, ‘வாத்தியாரையா, காமராசர் எந்தக் காலேசில் படித்தார்? நாட்டையே ஆளவில்லையா? நம்ம பையனுக்கு வரவு செலவு தெரிந்தால் போதாதா?’ என்று கேட்பார். இக்கேள்வியை நம் வட்டாரத்தில் யாம் கேட்டது ஒருமுறையன்று, இருமுறையன்று.

இதற்கு விடை மூன்று. முதலாவது: காமராசர் பள்ளியை விடவில்லை, வறுமை அவரிடமிருந்து பள்ளியைப் பறித்தது என்று முன்னரே கண்டோம். தந்தை உயிரோடிருந்து, கடையும் நடந்து, கையிற் பணமும் இருக்கும்போது, பிள்ளையின் கையினின்று ஏட்டைப் பறிப்பவர் காமராசரைச் சான்று காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்? கால் இழந்த ஒருவர் மலை ஏறினார் என்றால், நாம் அவரைப் போற்றலாம். அதற்காக நம் பிள்ளையின் காலை வெட்டலாமா?

இரண்டாவது: பள்ளி தவறிய பின்னும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. செய்தித்தாளிலும் சிறையிலும் மேடையிலும் கற்றார். கடைக்கு அனுப்பப்படும் நம் பிள்ளைக்கு விடியற்காலை முதல் இரவு பத்து மணி வரை தராசும் பொட்டலமுமே துணை. அவன் எங்கே கற்பான்?

மூன்றாவது விடையே பெரிது. கல்வி இன்றியமையாததன்று என்பது அவர் கருத்தாயின், ஆட்சி கையில் வந்தபோது அவர் ஊர்தோறும் பள்ளி திறந்தது ஏன்? பசித்த பிள்ளைக்குச் சோறிட்டுப் பள்ளியில் அமர்த்தியது ஏன்? தம்மிடம் இல்லாததன் அருமை தமக்குத் தெரிந்திருந்தமையால் அன்றோ? ஆக, படிக்காத காமராசர் என்று நாம் எவரைச் சான்று காட்டுகின்றோமோ, அவரே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லுகின்றார். அவர் 1954-இல் நீக்கிய அரைநாட் பள்ளியை, நாம் நம் கடைகளில் முழுநாளாக நடத்திக்கொண்டு, அவர் படத்துக்குப் பூச்சார்த்துகின்றோம்.

இன்னும் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசினால் பாதியே பேசியவராவோம். நம்மவர் கடைகளில் மூட்டை தூக்கும் சிறுவர், தேநீர் வாங்கிவரும் சிறுவர், இரவிற் கடை ஓரத்திற் படுத்துறங்கும் சிறுவர் யாவர்? மானாவாரி நிலம் பொய்த்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் தாய் உண்டு. அவருள்ளும் ஒரு காமராசர் இருத்தல் கூடும். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைத் தந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைப் பிறர் எந்த வேலையிலும் அமர்த்துதலைத் தடுத்துள்ளது. சொந்தக் குடும்பத் தொழிலிற்கூடப் பள்ளி நேரம் போக, விடுமுறையில் மட்டுமே உதவலாம் என்கின்றது. சட்டத்துக்கு அஞ்சி ஒழுகுதல் நன்று. நெஞ்சுக்கு அஞ்சி ஒழுகுதல் அதனினும் நன்று.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர். பெரம்பலூர் மாவட்டத்தில் 74 பேர். அரியலூர் மாவட்டத்தில் 71 பேர். நாடு நடக்கும் வழியில் நாம் சில அடி பின்தங்கியே நடக்கின்றோம். பின்தங்கியவனுக்கு நின்று இளைப்பாறும் உரிமை இல்லை.

யாம் வேண்டுவன

ஆதலின் இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, பள்ளிப் பருவத்துப் பிள்ளை எவனையும், தம் பிள்ளையாயினும் பிறர் பிள்ளையாயினும், கடையில் அமர்த்துவதில்லை என்று ஒவ்வொருவரும் உறுதி கொள்ளல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரட்டும். கடை எங்கும் ஓடிவிடாது. படித்த பிள்ளை கடையை இன்னும் நன்றாகவே நடத்துவான். வரிக் கணக்கும், வங்கிக் கடிதமும், கைப்பேசி வழி வரும் பணமும் வந்துவிட்ட இக்காலத்தில், மனக்கணக்கு ஒன்றைக்கொண்டு வணிகம் செய்தல் அரிது.

இரண்டாவது, பெண் பிள்ளைகளின் படிப்பு. பத்தாம் வகுப்போடு நிறுத்தி நகை சேர்க்கும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. சிவகாமி அம்மையாரின் நகை அவர் குடும்பத்தை ஒரு காலம் காத்தது மெய்யே. ஆனால் நகை விற்றால் தீரும்; கல்வியோ விற்க விற்க வளரும் சரக்கு.

மூன்றாவது, மகிமை. ஒவ்வொரு கடையும் மூட்டைக்கு ஒரு சிறு தொகை என எடுத்துவைத்து, நம் வட்டாரத்திற் படிப்பை விடும் நிலையில் உள்ள பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும், விடுதிச் செலவுக்கும், ஏட்டுக்கும் தருதல் வேண்டும். அப்பிள்ளை எக்குலம் என்று வினவுதல் கூடாது. இதனை இங்கே சொல்லுதற்கு எமக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. குலச் சங்கத்துப் பணத்தைக் குலம் வினவாது கொடுப்பதா என்று சிலர் கேட்கலாம். அவர்க்கு எம் விடை இது: காமராசரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்குப் பிறப்பால் வந்தது, அவரைப்போலச் செய்து காட்டினாலன்றி அவ்வுரிமை நம்மிடம் தங்காது. அவர் தம் குலத்துக்கு மட்டும் சோறிட்டிருந்தால், இன்று அவர் படம் நம் கடைகளில் மட்டுமே தொங்கும். எல்லார்க்கும் இட்டார், ஆதலின் எல்லார் வீட்டிலும் இருக்கின்றார். நமக்கும் அதுவே பெருமை.

அன்பர்களே! யாம் சொன்னவற்றுட் கடுமை தோன்றியிருப்பின், எம் தொழிலின் குற்றமாகக் கொள்க. பிள்ளைகளின் பெயரை அழைத்து விடை வராமல் நிற்பது ஆசிரியர்க்கு எத்துணைத் துன்பம் என்பதனை அறிந்தோர் எம்மைப் பொறுப்பர். வரும் கல்வியாண்டில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்தப் பள்ளியிலும் கடைக்காக ஒரு பெயரும் நீங்காதிருக்குமாயின், அதனினும் சிறந்த மாலை பெருந்தலைவர் படத்துக்கு நாம் சூட்ட இயலாது. அந்நல்வினைக்கு இச்சங்கம் முன்னிற்பதாக.